பச்சையா இருந்தா ஜேட் ஆகிடுமா? நல்ல நெப்ரைட் கல்லைக் கண்டுபிடிப்பது எப்படி... உஷார் தகவல்கள்!

"ஒரிஜினல் ஜேட் சார்... வெளியில 50 ஆயிரம் போகும். அவசரத்துக்கு 5 ஆயிரத்துக்குத் தர்றேன்" என்று யாராவது ஒரு பச்சைக் கல்லை உங்கள் கையில் திணித்தால் என்ன செய்வீர்கள்?

கல் பச்சையாக இருக்கிறது. தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. கண்ணாடியில் கீறிக் காட்டினால் கோடு விழுகிறது. அப்புறம் என்ன, ஒரிஜினல்தான் என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டால் போச்சு! மேலே சொன்ன மூன்றும் பத்து ரூபாய் பெறாத கல்லிலும் இருக்கும்.

புதன் கிரகத்துக்கு மரகதம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஜேட் கொடுக்கும் பழக்கம் ராசிக்கல் கடைகளில் உண்டு. சிங்கப்பூர், மலேசியாவில் வேலை பார்ப்பவர்கள் சீனர் கடைகளில் ஜேட் வளையல், டாலர்களைப் பார்த்திருப்பார்கள். ஊருக்கு வரும்போது அம்மாவுக்கோ மனைவிக்கோ ஒன்று வாங்கி வர ஆசைப்படுவதும் சகஜம். அப்படி வாங்குவது உழைத்துச் சம்பாதித்த காசு. அதனால் கல்லைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பேர், ரெண்டு கல்

முதலில் ஒரு விஷயம். ஜேட் என்பது ஒரு கல் இல்லை, ரெண்டு கல்! ஒன்று நெப்ரைட், இன்னொன்று ஜேடைட். பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் ரெண்டும் வேறு வேறு என்பதை 1863-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி அலெக்சிஸ் தாமூர் கண்டுபிடித்துச் சொன்னார்.

பர்மாவில் இருந்து வரும் கண்ணைப் பறிக்கும் பச்சைக் கல் ஜேடைட். சீனாவில் ஆயிரக்கணக்கான வருஷமாக சிலை, கிண்ணம், வளையல் என்று செய்து வந்தது நெப்ரைட். இங்கே நாம் பார்க்கப் போவது நெப்ரைட் பற்றித்தான்.

நெப்ரைட் என்ற பேருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கிரேக்க மொழியில் நெப்ரோஸ் என்றால் சிறுநீரகம். இந்தக் கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டால் சிறுநீரகக் கோளாறு சரியாகும் என்று அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நம்பினார்கள். அதனால் வந்த பேர் இது. அது வெறும் நம்பிக்கைதான். கிட்னியில் கோளாறு என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்!

தேங்காய் நார் மாதிரி உள்கட்டு

நெப்ரைட்டின் விசேஷமே அதன் உள்கட்டுதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் ஒன்றோடு ஒன்று பின்னிப் பிணைந்து, தேங்காய் நாரை இறுக்கி அமுக்கியது போல இருக்கும். அதனால் சுலபத்தில் உடையாது.

கெட்டித்தன்மை வேறு, உடையாத தன்மை வேறு. வைரம்தான் உலகிலேயே கெட்டியான இயற்கைக் கல். ஆனால் சுத்தியலால் அடித்தால் வைரம் பிளந்துவிடும். வைரத்தை விட மிருதுவான நெப்ரைட் லேசில் உடையாது. உளி வைத்துச் செதுக்கவும் முடியாது. மணல் மாதிரி கெட்டியான தூளைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் கொண்டு வருவார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் சண்டைக்கான கைத்தடிகளையே இந்தக் கல்லில் செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கிறது?

சீனாவின் சின்ஜியாங் பகுதியில் ஹோட்டான் என்று ஒரு ஊர். குன்லுன் மலையில் இருந்து இறங்கும் ரெண்டு ஆறுகள் அங்கே ஓடுகின்றன. ஒன்று யுருங்காஷ், அதாவது வெள்ளை ஜேட் ஆறு. இன்னொன்று காரகாஷ், அதாவது கறுப்பு ஜேட் ஆறு. கோடையில் பனி உருகி வெள்ளம் வரும்போது மலையில் இருந்து கற்கள் உருண்டு வரும். வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் ஆற்றில் இறங்கித் தேடுவார்கள். காலம் காலமாக நடக்கும் பிழைப்பு இது.

அங்கே கிடைக்கும் வெள்ளை நெப்ரைட்டில் உயர்ந்த ரகத்துக்கு ஆட்டுக் கொழுப்பு ஜேட் என்று பேர். கொழுப்புக் கட்டி போல வெண்மையும் வழவழப்பும் இருப்பதால் இந்தப் பேர். ஆமாங்க, நெப்ரைட் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை! கல்லில் இரும்புச் சத்து குறைவாக இருந்தால் வெள்ளை, கூடக் கூடப் பச்சை.

2008-ம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக் பதக்கங்களின் பின்பக்கம் வளையமாக ஒரு கல் பதித்திருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது சீனாவின் சிங்காய் மாகாணத்து நெப்ரைட்.

கனடாவிலும் பெரிய பெரிய பாறைகளாகக் கிடைக்கிறது. 2000-ம் ஆண்டில் அங்கே கிடைத்த ஒரே பாறை 18 டன் எடை! அதில் செதுக்கிய புத்தர் சிலை இப்போது ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரில் இருக்கிறது. நியூசிலாந்தின் தெற்குத் தீவிலும் கிடைக்கிறது. அங்கே இயற்கையாகக் கிடைக்கும் நெப்ரைட்டின் உரிமையை 1997-ம் ஆண்டு ஒரு தனிச் சட்டம் போட்டு, நய் தாகு என்ற மாவோரி பழங்குடி மக்களுக்கே கொடுத்துவிட்டது அந்நாட்டு அரசு.

பேரைக் கேட்டு ஏமாறாதீங்க!

வியாபாரத்தில் ஜேட் என்று வால் ஒட்டிய பேர்கள் ஏகப்பட்டது உண்டு. அதில் பாதிக்கு மேல் ஜேட்டே கிடையாது.

இந்தியன் ஜேட்: இது அவெஞ்சரின் என்ற பச்சைக் கல். நம் நாட்டிலேயே கிடைக்கிறது. வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே ஜிகினா தூவியது போல மினுக்கும்.

மலேசியன் ஜேட்: பேர்தான் மலேசியா. பெரும்பாலும் சாயம் ஏற்றிய குவார்ட்ஸ் கல்.

நியூ ஜேட்: இது செர்பன்டைன். நெப்ரைட்டுக்கு மிகவும் நெருக்கமான தோற்றம். ஆனால் மிருதுவான கல். அதிகம் ஏமாறுவது இதில்தான்.

டிரான்ஸ்வால் ஜேட்: தென்னாப்பிரிக்காவில் கிடைக்கும் கார்னெட் வகைக் கல்.

இவை எல்லாமே நிஜமான கற்கள்தான். அதற்குரிய விலையில் வாங்கினால் தப்பே இல்லை. ஜேட் விலை கொடுத்து வாங்குவதுதான் தப்பு.

மூணு வித்தை... மூணும் செல்லாது!

சிலர் கண் முன்னாலேயே சோதனை செய்து காட்டுவார்கள். அசந்துவிடாதீர்கள்.

முதல் வித்தை, முடி சோதனை. கல்லில் ஒரு தலைமுடியையோ நூலையோ இறுக்கிச் சுற்றி நெருப்பு வைப்பார்கள். முடி எரியாது. "பார்த்தீங்களா, ஒரிஜினல்!" என்பார்கள். உண்மை என்னவென்றால், நெருப்பின் சூட்டைக் கல் இழுத்துக்கொள்வதால்தான் முடி சட்டென்று எரிவதில்லை. ஆற்றுக் கூழாங்கல்லிலும் ஸ்டீல் டம்ளரிலும் சுற்றிப் பாருங்கள், இதே கதைதான்.

ரெண்டாவது வித்தை, ஜில் சோதனை. கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள். எல்லாக் கல்லும் அப்படித்தான். கண்ணாடியும் அப்படித்தான். பிளாஸ்டிக்கை ஒதுக்க மட்டும்தான் இது உதவும்.

மூணாவது வித்தை, கண்ணாடியில் கீறுவது. நெப்ரைட் கண்ணாடியைக் கீறும், வாஸ்தவம்தான். ஆனால் குவார்ட்ஸ், அவெஞ்சரின், சாதாரண வெங்கச்சங்கல் கூடக் கண்ணாடியைக் கீறுமே!

தராசு பொய் சொல்லாது

சரி, உருப்படியான சோதனை என்ன? ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு பாத்திரம் தண்ணீர், ஒரு நூல். இது போதும்.

முதலில் கல்லை நன்றாகக் கழுவி, துடைத்து எடை போடுங்கள். 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணை ஜீரோ செய்யுங்கள். இப்போது கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக முங்கும்படி தொங்க விடுங்கள். கல் பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. நூலைக் கையில் பிடித்தபடியே தராசைப் பாருங்கள். ஒரு எண் காட்டும்.

கல்லின் எடையை அந்த எண்ணால் வகுத்தால், தண்ணீரை விடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது தெரிந்துவிடும்.

நெப்ரைட் என்றால் 2.9-ல் இருந்து 3.0-ஐ ஒட்டி வரும். அதாவது 300 கிராம் கல்லுக்குத் தராசு 100-ல் இருந்து 103 கிராம் வரை காட்டும். ஜேடைட் என்றால் 90 கிராம். அவெஞ்சரின் என்றால் 113 கிராம். செர்பன்டைன் என்றால் 115-க்கு மேல். சலவைக்கல் என்றால் 111 கிராம். வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதா?

ஒரு எச்சரிக்கை. ஒரு கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசில் 100 கிராமுக்குக் குறைவான கல்லைப் போட்டால் கணக்கு சரியாக வராது. மோதிரக் கல், டாலர் போன்ற சின்ன அயிட்டங்களுக்கு நகைக்கடைத் தராசுதான் வேண்டும். கல்லில் மண்ணோ வேறு பாறையோ ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பும்.

கத்தி சோதனை

பட்டை தீட்டாத கல்லாக இருந்தால், வெளியே தெரியாத ஒரு மூலையில் ஸ்டீல் கத்தியின் முனையால் அழுத்தி ஒரு கோடு போடுங்கள். கடைக்காரர் அனுமதியோடு செய்யுங்கள், பாலிஷ் போட்ட நகையில் வேண்டாம்!

கோடு விழுந்ததா? அவசரப்படாதீர்கள். ஈரவிரலால் துடையுங்கள். துடைத்ததும் போய்விட்டால் அது கத்தியின் இரும்பு ஒட்டிய கோடு, கல் கீறவில்லை. போகாமல் பள்ளமாகத் தெரிந்தால் கல் மிருது. நல்ல நெப்ரைட்டில் சாதாரணக் கத்தி ஏறாது. செர்பன்டைனிலும் சலவைக்கல்லிலும் பெரும்பாலும் ஏறிவிடும்.

கல்லில் எங்காவது விளிம்பு உடைந்திருந்தால் அதையும் பாருங்கள். கண்ணாடி, குவார்ட்ஸ் உடைந்த இடம் சிப்பி ஓடு போல வளைந்து பளபளக்கும். நெப்ரைட் உடைந்த இடம் மங்கலாக, நார் பிய்ந்தது போலச் சொரசொரப்பாக இருக்கும்.

ஒரே சோதனையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எடை, கத்தி, உடைந்த விளிம்பு... மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நம்பலாம்.

நெப்ரைட்தான், ஆனா நல்ல கல்லா?

நெப்ரைட் என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதாது. நெப்ரைட்டிலேயே கிலோ கணக்கில் விற்கும் சாதாரண கல்லும் உண்டு, கிராம் கணக்கில் விற்கும் உயர்ந்த கல்லும் உண்டு. ரகம் பிரிக்கக் கவனிக்க வேண்டியவை இதோ...

விரிசல்: முதல் எதிரி இதுதான். கல்லை ஈரமாகவோ எண்ணெய் தடவியோ காட்டினால் உஷார்! ஈரம் நிறத்தைத் தூக்கிக் காட்டும், மெல்லிய விரிசலை மறைத்துவிடும். நிறம் பார்க்க நனைத்துப் பாருங்கள், விரிசல் பார்க்கக் காயவிட்டுப் பாருங்கள். பெரிய விரிசல் ஒன்று ஓடினால், பெரிய கல்லாக இருந்தும் அதில் வளையல் எடுக்க முடியாது. சின்னச் சின்ன மணிதான் தேறும்.

அடுக்கு: பலகைக் கல் போல அடுக்கடுக்காகப் பிரியும் கல் வேண்டாம். இழைகள் எல்லாப் பக்கமும் பின்னிக் கிடப்பதுதான் நல்ல கல். ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் அறுக்கும்போதே பிளந்துகொள்ளும்.

உள்கட்டு: இருட்டில் ஒரு டார்ச் லைட்டைக் கல்லோடு ஒட்டி வையுங்கள். நைசான கல்லில் வெளிச்சம் பால் போலப் பரவும். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் கோடு கிழித்தது போல நின்றுவிடும். கடும் பச்சைக் கல்லில் வெளிச்சம் உள்ளே போகாது, மெல்லிய ஓரத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே குமிழி தெரிந்தால் அது கண்ணாடி.

நிறம்: எந்த நிறமானாலும் ஒரே சீராக இருக்க வேண்டும். பச்சைக் கல்லில் கரும்புள்ளிகள் வருவது சகஜம். புள்ளி குறையக் குறைய மதிப்பு கூடும். பழுப்பும் சாம்பலும் கலந்த மங்கல் நிறம் விலை போகாது.

வழவழப்பு: பாலிஷ் போட்ட இடம் கண்ணாடி போலப் பளீரென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். நல்ல நெப்ரைட்டின் மினுமினுப்பு மெழுகு போல, எண்ணெய் பூசியது போல அடக்கமாக இருக்கும். பாலிஷ் போட்ட பிறகும் ஆரஞ்சுத் தோல் போல மேடு பள்ளம் தெரிந்தால் கல்லின் உள்கட்டு நைஸ் இல்லை என்று அர்த்தம்.

தோலைப் பார்த்து மயங்காதீங்க

ஹோட்டான் ஆற்றில் கிடைக்கும் உருண்டைக் கல்லுக்கு மலையில் வெட்டி எடுத்த கல்லை விட மவுசு அதிகம். ஆற்றில் உருண்டு உருண்டு பலவீனமான பகுதி எல்லாம் தேய்ந்து போய், கெட்டியான பகுதி மட்டும் மிஞ்சும் என்பதே காரணம். தண்ணீரிலும் மண்ணிலும் கிடந்ததால் மேலே பழுப்பு, செம்பழுப்பு நிறத்தில் ஒரு தோல் படிந்திருக்கும். அந்தத் தோலுக்கே தனி விலை!

விலை இருக்கும் இடத்தில் மோசடியும் இருக்குமே. மலைக் கல்லை எந்திரத்தில் போட்டு உருட்டி, சாயம் ஏற்றி, ஆற்றுக் கல் என்று விற்கிறார்கள்.

கண்டுபிடிக்க ஒரு லென்ஸ் போதும். நிஜ ஆற்றுக் கல்லின் மேல், நம் தோலில் இருக்கும் வியர்வைத் துவாரம் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். நிறம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். சாயக் கல்லில் நிறம் விரிசல்களில் மட்டும் தேங்கி நிற்கும், மற்ற இடத்தில் மேலோடு நின்றுவிடும். எந்திரம் உருட்டிய கல்லில் ஒரே மாதிரித் தேய்ப்பும் கோடுகளும் தெரியும்.

அறுத்தால்தான் தெரியும்

இத்தனை பார்த்தாலும், முழுக் கல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு அங்குல ஜேட்டைக் கணிக்கத் தெய்வத்தாலும் ஆகாது என்கிற அர்த்தத்தில் சீனர்களிடம் ஒரு பழமொழியே உண்டு.

சிலர் கல்லின் ஓரத்தில் ஜன்னல் மாதிரி ஒரு சின்ன இடத்தை மட்டும் தேய்த்துப் பளபளவென்று காட்டுவார்கள். ஒன்றை யோசியுங்கள். எந்த இடத்தில் ஜன்னல் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தது விற்பவர்தானே! நன்றாக இருக்கும் இடத்தைத்தான் திறப்பார். மற்ற பக்கமும் அப்படியே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் புதிதாக வாங்குபவர்களுக்கு முழுக் கல்லை விட, ரெண்டு பக்கமும் அறுத்த பலகைத் துண்டுதான் பாதுகாப்பு.

தூசு... உயிருக்கே ஆபத்து!

கல்லை வாங்கி வீட்டிலேயே அறுத்து, தேய்த்துப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கல் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது. குஜராத்தின் கம்பாத் பகுதியில் அகேட் கல் தேய்க்கும் தொழிலாளர்கள் பலரை சிலிகோசிஸ் நோய் வாட்டி வதைத்தது ஊரறிந்த சோகம். அவெஞ்சரினும் அதே குவார்ட்ஸ் இனம்தான். நெப்ரைட் வேறு இனம் என்றாலும் அதன் தூசும் நல்லதில்லை, நாரிழைகளால் ஆன கல் அது. அறுப்பதும் தேய்ப்பதும் தண்ணீர் விட்டபடிதான் நடக்க வேண்டும். மூக்கில் கர்ச்சீப் கட்டினால் போதாது, அதற்கான மாஸ்க் வேண்டும்.

சர்டிபிகேட்டில் என்ன பார்க்கணும்?

பெரிய தொகை என்றால் ரத்தினக் கல் பரிசோதனைக் கூடத்தின் சர்டிபிகேட் இல்லாமல் வாங்க வேண்டாம். அதிலும் வெறுமனே ஜேட் என்று இருந்தால் போதாது. நெப்ரைட் என்று தெளிவாக இருக்க வேண்டும். இயற்கைக் கல்லா, சாயம் ஏற்றியதா என்பதும் இருக்க வேண்டும். எடையும் அளவும் உங்கள் கையில் இருக்கும் கல்லோடு ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். சீன சர்டிபிகேட்டில் ஹோட்டான் ஜேட் என்று இருந்தாலும், அது ஹோட்டான் ஆற்றில் எடுத்த கல் என்று அர்த்தம் இல்லை! வேறு ஊரில் கிடைத்த நெப்ரைட்டுக்கும் அந்த நாட்டு விதிப்படி அதே பேர் போடலாம். "ஹோட்டான்னு சர்டிபிகேட்லயே இருக்கு பாருங்க" என்று கூடுதல் விலை கேட்டால் யோசியுங்கள்.

கடைசியாக, பில் வாங்குங்கள். பில்லில் கல்லின் பேரை நெப்ரைட் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். எழுதித் தரத் தயங்கினாலோ, "இப்பவே எடுத்தாத்தான் இந்த ரேட்டு" என்று அவசரப்படுத்தினாலோ, கல்லைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கல்லுக்கு வயசு கோடிக்கணக்கான வருஷம். தராசில் வைத்துப் பார்க்கும் பத்து நிமிஷத்தில் அது எங்கேயும் ஓடிப்போகாது!